நேனேயின் பாட்டனாரும் ரைபிள் பட்டாளமும்

எங்கள் உம்மாவின் உம்மா மலாய்ப் பெண். அவரை நாங்கள் 'உம்மம்மா' என்று அழைத்ததில்லை. 'நேனே' என்றுதான் அழைப்போம். வாப்பா வழியில் நாங்கள் சோனகர். குருநாகல் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம். துப்பாக்கி, சீருடை, பட்டாளம் என்ற பேச்செல்லாம் நேனேயின் வீட்டிலிருந்து வந்தவைதான்.

அந்த வீட்டு மண்டபத்தில் ஒரு பழைய போட்டோ தொங்கியது. தொப்பி, தோற்பட்டி, முறுக்கிய மீசையோடு ஒரு மனிதர் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றுகொண்டிருப்பார். பெருநாளைக்குப் போனால் நேனே எங்களை அதன்முன் நிறுத்தி, "எங்கட அப்பாட வாப்பா. ரைபிள்ல கெப்டனா இருந்தவரு" என்பார். அதோடு இன்னொரு கதையும் சொல்வார்: "அவரு சீனாவுக்கும் போனவரு, மகன்." கெப்டன் கதையை நாங்கள் நம்பினோம். சீனாக் கதைக்குச் சிரித்தோம். மாமாமார் மறைவாக, "கெழவிக்கு எல்லாம் கலந்து போச்சி" என்பார்கள்.

நேனே 1994இல் வபாத்தானார். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு, 2019இன் நடுப்பகுதியில், பத்தாம் வகுப்பில் இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், நாங்க எப்ப இந்த நாட்டுக்கு வந்த?" அந்த நாட்களில் அப்படியொரு கேள்வி பிள்ளையின் வாயில் ஏன் வந்தது என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கெப்டனின் ஞாபகம் வந்தது. "என் பாட்டனார் ஒருவர் இந்த நாட்டின் பட்டாளத்தில் கெப்டனாக இருந்தவர்" என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடியதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த ஆசையோடுதான் தேடலைத் தொடங்கினேன். தேடல் எனக்குத் தந்தது வேறொன்று.

ரைபிள் பட்டாளம்

கதைக்குள் போகுமுன் பட்டாளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் ஆட்சியில் ஜாவாவிலிருந்தும் அதைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் படைவீரர்கள், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினர், தண்டனைக் கைதிகள் என்று பலவகையினர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். இவர்களின் வழிவந்தோரே இலங்கை மலாயர். நம் ஊர்களில் பழைய ஆட்கள் 'ஜாவா மனிசர்' என்றே சொல்வார்கள். 1796 பெப்ரவரியில் கொழும்பு பிரித்தானியரிடம் வீழ்ந்தது. ஒல்லாந்தருக்குச் சேவை செய்த மலாய் வீரர்கள் புதிய எசமானின் படைக்கு மாறினார்கள். அவர்களைக் கொண்டு தனிப்படை அமைக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்களையும் ஆபிரிக்கக் காபிரிகளையும் கொண்ட வேறு படைகளும் இருந்தன. பல கலைப்புகளுக்கும் சேர்ப்புகளுக்கும் பின்னர் 1827இல் உருவானதே இலங்கை ரைபிள் படையணி. அதன் முதுகெலும்பு மலாயர்தாம். 1873இல் அது கலைக்கப்பட்டது.

கொழும்பு கொம்பனித்தெருவில் இன்றும் ரைபிள் வீதியும் மலே வீதியும் இருக்கின்றன. 1786இல் எழுந்த வேகந்தப் பள்ளிவாசலும் அங்கேதான். கண்டி, பதுளை, குருநாகல், திருகோணமலை என்று படை தங்கிய ஊர்களிலெல்லாம் மலாய்க் குடும்பங்கள் தங்கின. மலாயப் பிள்ளை ஒன்று பட்டாளக் குடியிருப்பில் பிறந்தால், பேரிகைச் சத்தத்தில் வளர்ந்து, பதினாறு பதினேழு வயதில் தானும் பேர் கொடுத்துவிடும். தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைகள் ஒரே படையணியில் இருந்ததும் உண்டு.

இந்தப் படையணியைப் பற்றி நம் நாட்டு வரலாற்றாசிரியர் பி.ஏ. ஹுசைன்மியா 1990இல் வெளியிட்ட 'ஓராங் ரெஜிமென்' என்ற நூல்தான் இன்றும் முதன்மையானது. துப்பாக்கி பிடித்த அதே கைகள் மலாய்க் காவியங்களையும் கிதாபுகளையும் படியெடுத்தன என்பதை அவருடைய ஆய்வுகளிலிருந்தே நான் அறிந்தேன். 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்திய பாபா யூனுஸ் சல்தீனும் இந்தச் சமூகத்தவர்தாம். உலகின் ஆரம்பகால மலாய்ப் பத்திரிகைகளுள் ஒன்று நம் கொழும்பில், அரபு எழுத்தில், கல்லச்சில் வந்தது. அரபுத் தமிழ்க் கிதாபுகளோடு வளர்ந்த நமக்கு இது அந்நியமான செய்தியல்ல.

போட்டோவும் பிறப்புச் சான்றிதழும்

முதலில் போட்டோவை எடுத்துக்கொண்டு, பொலிசில் வேலை செய்து ஓய்வுபெற்ற தூரத்து உறவினர் ஒருவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிசம் பார்த்தார். "இது ரைபிள் இல்ல தம்பி. இது பொலிஸ். கழுத்துப்பட்டியில நம்பர் ஈக்கிதே, பாருங்க" என்றார். உண்மைதான், சிறிய உலோக இலக்கங்கள் தெரிந்தன. சட்டகத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்த்தோம். மங்கிய பென்சிலில் எழுதியிருந்த பெயர் நேனேயின் பாட்டனாருடையதல்ல. நேனேயின் வாப்பாவுடையது. ஐம்பது வருடமாக நாங்கள் தவறான ஆளுக்கு சலாம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

அது பிழையானாலும் ஒரு வழியைத் திறந்தது. தேடலைக் கதையின் உச்சியில் தொடங்கக்கூடாது; கிட்டத்து ஆளிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகவேண்டும் என்பதை அன்றுதான் படித்துக்கொண்டேன். இலங்கையில் 1860களின் இறுதியிலிருந்து பிறப்பு, இறப்புப் பதிவு நடக்கிறது. முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1886இல் சட்டம் வந்தது. ஆகவே நேனேயின் காவின் பதிவிலிருந்து அவரின் வாப்பாவின் பெயரையும், அந்தப் பெயரைக் கொண்டு கச்சேரிப் பதிவறையில் அவரின் பிறப்புப் பதிவையும் தேடினேன். மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பி, நான்காம் தடவை 1879ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று கிடைத்தது. தகப்பனின் இனம்: மலாயர். தொழில் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டே விடயங்கள் இருந்தன. ஒன்று, ஓய்வூதியர். மற்றது, முன்னாள் சி.ஆர்.ஆர். அந்த மூன்று எழுத்துகள் சிலோன் ரைபிள் ரெஜிமெண்டின் சுருக்கம்.

கச்சேரி வராந்தாவில் நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாங்கில் அமர்ந்திருந்த ஒரு முதியவர், "காணி வழக்கா மகன்?" என்று கேட்டார். "இல்ல, பாட்டனார் வழக்கு" என்றேன்.

கெப்டன் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியவர் விட்டிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கியூவிலிருந்து வந்த பட்டியல்கள்

ரைபிள் படையணி பிரித்தானிய முடிக்குரிய படை. ஆகவே அதன் சம்பளக் கணக்குகள் லண்டன் யுத்த அலுவலகத்துக்குப் போயின. இன்று அவை லண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்திலுள்ள பிரித்தானிய தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. 'டபிள்யூ.ஓ. 12' என்பது அந்தத் தொடரின் குறியீடு. ஆட்கணக்கும் சம்பளப் பட்டியலும் சேர்ந்த பெரிய கட்டுகள் அவை. மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு வீரனின் இலக்கம், பெயர், தரம், எத்தனை நாட்சம்பளம் என்ற விபரம் இருக்கும். கடைசியில் ஒரு குறிப்புக் கட்டம்: ஆஸ்பத்திரியில், காவலில், வெளியூர்ப் பிரிவில் என்று. இறந்தவர், விலகியவர், ஓடிப்போனவர் ஆகியோருக்குத் தனித் தாள் உண்டு. பிறந்த இடம், முன்பு செய்த தொழில், சேர்ந்த தேதி ஆகியவை அதில் பதிவாகும்.

எனக்கு லண்டன் போக வசதியில்லை. என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் அங்கு கணக்காளராக இருக்கிறார். வாசகர் அட்டை இலவசம், கட்டுகளைப் போனில் படமெடுக்கவும் அனுமதி உண்டு என்று அறிந்ததும் அவரிடம் கேட்டேன். லீவு நாட்களில் போய், நான்கு தடவைகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பினார். "சேர், சங்கப் பாட்டு மனனம் பண்ணினது இதைவிட லேசு" என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார்.

படங்களைப் பெரிதாக்கி இரவிரவாகப் பார்த்தேன். அப்போதுதான் உண்மையான சிக்கல் புரிந்தது: பெயர்கள். மலாய் வீரருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'துவான்', 'பாபா', 'மாஸ்' என்பவை மரியாதை அடைகள். ஒரு கணக்கில் அடையோடும் மறு கணக்கில் அடையில்லாமலும் எழுதுவார்கள். ஆங்கில எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதுவார். 'ப' 'ப'வாகவும் 'வ'வாகவும், 'ஜ' 'ஸ'வாகவும் மாறும். ஒலித்திரிபுகளைப் படித்தவன் என்பதால் இது எனக்குச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பாட்டனாரின் பெயரில் ஒரே காலத்தில் நான்கு பேர் இருந்தார்கள். நால்வரும் மலாயர், நால்வரும் சிப்பாய்கள். நாலில் யார் எங்களுடையவர்?

அந்தப் பெயரில் ஒரு கெப்டன் மட்டும் எங்கும் இல்லை. அதிகாரிகளின் பெயர்கள் பட்டியலின் தலைப்பக்கத்தில் தனியாக வரும். முப்பது வருடக் கணக்குகளில் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். இல்லை.

ஒரு கிதாபின் கடைசிப் பக்கம்

நாலில் ஒருவரைப் பிரித்தறிய ஒரே வழி படை இலக்கம்தான். அது எந்தக் கச்சேரியிலும் கிடைக்காது. ஆறு மாதம் தேடல் அப்படியே நின்றது.

பெரிய மாமாவிடம் ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "உம்மாட பெட்டகத்தில பழைய கிதாபுகள் கன காலம் கெடந்த. மௌத்தாகின பொறகு ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியா. மிதிபடக் கூடாதென்று கட்டியெடுத்து மையவாடியில பொதச்சிட்டோம். ஒண்டு மட்டும் ஈக்கி." எனக்குத் தலை சுற்றியது. அல்லாஹ்வின் பெயர் எழுதிய தாள் அவமதிக்கப்படக் கூடாது என்று நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழிக்குள் என்னென்ன போயிற்றோ!

எஞ்சிய ஒன்று, பூச்சியரித்த கையெழுத்துக் கிதாபு. தொழுகை முறைகளைக் கூறுவது. அரபு எழுத்து, மலாய் மொழி. நம் மலாயர் இந்த எழுத்தைக் 'குண்டுல்' என்பார்கள். எழுத்தை என்னால் கூட்டி வாசிக்க முடிந்தது. அரபுத் தமிழில் நாம் மேலதிகப் புள்ளிகள் இட்டு நம் ஒலிகளை எழுதுவதுபோல் அவர்களும் தங்கள் ஒலிகளுக்குப் புள்ளியிட்டிருக்கிறார்கள். பொருள்தான் விளங்கவில்லை. கொம்பனித்தெருவில் ஒரு முதிய மலாய் ஆசிரியர் உதவினார். நேனே பேசிய மலாயில் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். கிதாபின் மலாய் அப்படியல்ல, அது பழைய இலக்கிய நடை என்று அவர் விளக்கினார்.

கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. இந்தக் கிதாபுக்குச் சொந்தக்காரர் இன்னார், ரைபிள் ரெஜிமெண்ட், இன்ன கொம்பனி, இதை எடுப்பவர் திருப்பித் தந்துவிடவும் என்ற பொருளில் எழுதியிருந்தார். அதன் கீழே அரபு இலக்கங்களில் ஒரு நாலிலக்க எண். நான் போனைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டேன். நால்வரில் மூன்றாமவர். கொம்பனியும் ஒத்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் சத்தமாகச் சொன்னதற்கு அந்த ஆசிரியர், "வாசித்தவன் நான், பாராட்டு அல்லாஹ்வுக்கு" என்று சிரித்தார்.

இருபத்தொரு வருடம்

இலக்கம் கிடைத்தபின் எழுநூறு படங்களும் பேசத் தொடங்கின. 1846இல் சேர்ந்திருக்கிறார். பிறந்த இடம் இலங்கை. முன்பு செய்த தொழில் எதுவுமில்லை; பட்டாளத்துப் பிள்ளைதானே. 1867இல் இருபத்தொரு வருடச் சேவை முடித்து ஓய்வூதியத்தோடு விலகியிருக்கிறார். இடையில் ஒரு தடவை கோப்ரலாக உயர்ந்தார். இரண்டு காலாண்டுகள் கழிந்து, காரணம் எதுவும் இல்லாமல், மறுபடியும் சிப்பாய். இரண்டு தடவை ஆஸ்பத்திரி. ஒரு தடவை ஏழு நாள் காவல். அவ்வளவுதான் எங்கள் 'கெப்டன்'.

ஆனால் 1851ஆம் ஆண்டுக் கணக்கில் அவரின் பெயர் இருந்த பட்டியலின் தலைப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஹொங்கொங்! ரைபிள் படையணியின் ஒரு பகுதியைப் பிரித்தானியர் 1847இல் ஹொங்கொங்குக்கு அனுப்பியிருந்தார்கள். 1854 வரை அங்கே நம்மவர்கள் காவலிருந்தார்கள். நேனே சொன்ன சீனா அதுதான். நாங்கள் நம்பிய கதை பொய். சிரித்த கதை உண்மை. வீட்டுக்குள்ளே வாய்வழி வரும் செய்தியை முழுதாக நம்பவும் கூடாது, முழுதாகத் தள்ளவும் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 'கெப்டன்' என்பது பிற்காலத்தில் யாரோ அன்பினால் கொடுத்த பதவி உயர்வு. 'சீனா' என்பதை யாரும் புனைந்திருக்கத் தேவையில்லை. அதனால் குடும்பத்துக்கு லாபமும் இல்லை. லாபமில்லாத கதைகளைத்தான் முதலில் சோதித்துப் பார்க்கவேண்டும் போலும்.

நேனேயின் கபுறடிக்குப் போய் ஸலாம் சொல்லி, மனதுக்குள் மன்னிப்பும் கேட்டேன்.

1848

இத்தோடு கட்டுரை முடிந்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முடியவில்லை. 1848ஆம் ஆண்டின் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான கணக்கைத் திறந்தபோது, அவருடைய பெயருக்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தது: வெளியூர்ப் பிரிவு, குருநாகல்.

1848இல் என்ன நடந்தது என்பதைப் பாடசாலையில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆள்பதி டொரிங்டன் காலத்தில் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வருடத்தில் ஆறு நாள் தெருவேலை அல்லது அதற்குப் பணம் என்று மக்கள்மேல் சுமைகள் ஏறின. ஜூலை கடைசியில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். குருநாகலில் மக்கள் திரண்டு அரச கட்டடங்களைத் தாக்கினர். படைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர்களில் ரைபிள் படையணியின் மலாய் வீரர்களும் இருந்தனர். குருநாகலில் அவர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். பலர் மாண்டனர். ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவ மன்றத் தீர்ப்பில் மரண தண்டனை பெற்றவர்களில் ஒரு பிக்குவும் இருந்தார். குடஹபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார்.

எங்கள் பாட்டனாருக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். அவர் சுட்டாரா, வானத்தை நோக்கிச் சுட்டாரா, அன்று காய்ச்சலில் படுத்திருந்தாரா என்பதைச் சம்பளப் பட்டியல் சொல்லாது. அந்தக் காலாண்டில் ஒரு நாட்சம்பளமும் வெட்டப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர் இது. எத்தாகல மலையின் அடிவாரத்திலுள்ள அந்தத் தெருக்களில் நான் புத்தகம் வாங்குகிறேன், மருந்து வாங்குகிறேன்.

வீட்டில் சொன்னபோது பெரிய மாமாவின் முகம் மாறியது. "இதெல்லாம் எழுத வாணாம் மகன். இப்ப ஈக்கிற நெலமையில இது எங்கட வாயால வரணுமா?" என்றார். அவருடைய பயம் நியாயமானது. பல நாள் யோசித்து, பெயரையும் இலக்கத்தையும் எழுதாமல் விடயத்தை மட்டும் எழுத அவரிடம் சம்மதம் வாங்கினேன். இந்தக் கட்டுரையில் பாட்டனாரின் பெயர் இல்லாததன் காரணம் அதுதான்.

பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பரீட்சைக் கடமைகளில் பழக்கமானவர். தயங்கித் தயங்கி அவரிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், என்ட பாட்டனின் பாட்டன் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனுக்குக் கீழே ஆராச்சியாக இருந்தவர். வரிக் கணக்கெடுத்தது அவராகத்தான் இருக்கும். சம்பளப் பட்டியல் கிடைத்ததால் நீங்கள் அகப்பட்டீர்கள், நாங்கள் தப்பிவிட்டோம்" என்று சொல்லி என் தோளில் தட்டினார். அன்று இருவரும் ஒன்றாகத் தேநீர் குடித்தோம்.

யாருடைய பக்கம்?

நம் சமூக வரலாற்றை எழுதும்போது, குறிப்பாகக் கடந்த சில வருடங்களில், 'இந்த நாட்டுக்காக நாம் செய்த சேவை' என்ற தலைப்பில் பட்டியல் போடும் பழக்கம் கூடியிருக்கிறது. சந்தேகப் பார்வைக்கு ஆளான சமூகம் அப்படிச் செய்வது இயல்பு. நானும் அந்த ஆசையோடுதான் கிளம்பினேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டேன். ஆனால் சுவடிகள் அந்த வேலைக்கு உதவ மாட்டா. பட்டாள வரலாற்றில் நம்மவர் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றதே இல்லை.

1803ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜூனில் மேஜர் டேவியின் படை கண்டியில் சரணடைந்தது. மலாய்ப் படையின் கெப்டன் நூர்தீனைத் தன் சேவையில் சேருமாறு ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் கேட்டான். அவர் மறுத்தார். அவரும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டனர். பிரித்தானியர் இதை விசுவாசத்தின் உச்சமாக எழுதிவைத்தார்கள். ஆனால் அதே போரில் கண்டி மன்னனின் பக்கத்திலும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். அவர்கள் யாருக்கு விசுவாசிகள்? எங்கள் வீட்டுக் 'கெப்டன்' கதைக்கு நூர்தீனின் புகழ்தான் வித்திட்டிருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன். மலாய்க் குடும்பங்களில் கெப்டன் என்றால் நினைவுக்கு வருபவர் அவர்தாமே.

1864ஐயும் பாருங்கள். மாவனல்லையில் சரதியலைப் பிடிக்கப் போன இடத்தில், மார்ச் 21இல், கான்ஸ்டபிள் துவான் சபான் கொல்லப்பட்டார். கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் அவர்தான். பொலிஸ் வீரர் தினம் இன்றும் அந்தத் திகதியில்தான் அனுட்டிக்கப்படுகிறது. அவர் ஒரு மலாயர். அவர்மீது பாய்ந்த குண்டு சரதியலின் தோழன் மம்மலி மரிக்காரின் துப்பாக்கியிலிருந்து வந்ததென்று சொல்லப்படுகிறது. அவர் ஒரு சோனகர். அந்த வருடம் மே 7இல் சரதியலோடு அவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார். எங்கள் குடும்பத்தில் மலாய் இரத்தமும் சோனக இரத்தமும் கலந்திருக்கிறது. நான் எந்தப் பக்கத்தில் நிற்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதை இப்போது விட்டுவிட்டேன். எங்கள் பாட்டனார் இராணி விக்டோரியாவுக்காகவும் போராடவில்லை, நாட்டுக்காகவும் போராடவில்லை. பட்டாளக் குடியிருப்பில் பிறந்த பையனுக்கு வேறு தொழில் இருக்கவில்லை. சம்பளத்துக்குப் போனார். போன இடத்தில் தொழுகைக் கிதாபு ஒன்றை வைத்திருந்தார். அது தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் இலக்கத்தை எழுதி வைத்தார். கோப்ரல் பட்டியை இழந்தார். கடல் கடந்து போய்த் திரும்பினார். தன்னைப் போன்ற ஏழைகள் திரண்ட ஒரு தெருவில் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டார். கடைசியில் குருநாகலிலேயே தங்கி, பிள்ளைகள் பெற்று, அந்த மண்ணுக்குள்ளேயே போய்விட்டார். அந்தக் 'கெப்டனை' எனக்குத் தெரியாது. இந்தச் சிப்பாயை ஓரளவு தெரியும்.

"நாங்க எப்ப வந்த?" என்று கேட்ட மாணவன் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். அன்று விட்ட பதிலை அண்மையில் அவனுக்குச் சொன்னேன். எந்தப் பதக்கத்தையும் காட்டி இந்த நாட்டில் இருக்கும் உரிமையை நாம் வாங்கவேண்டியதில்லை. ஆறு தலைமுறை மீசான் கட்டைகள் ஓர் ஊரில் நின்றால் அதுவே போதும். பெருமையை மட்டும் தேடிப் போகிறவன் பாதிப் பட்டியலைத்தான் வாசிப்பான். மற்றப் பாதியையும் வாசிக்கத் துணிந்தால் பக்கத்து வீட்டாரோடு பேச இன்னும் கொஞ்சம் விடயம் கிடைக்கும்.

பெட்டகத்தைத் திறந்து பாருங்கள்

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வீட்டிலும் 'ரைபிள்', 'பட்டாளம்', 'பென்சன்காரர்' என்ற சொற்கள் காதில் விழுந்திருந்தால், முதலில் இருக்கும் முதியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள். நம்ப முடியாததைக் கட்டாயம் எழுதுங்கள். பிறகு காவின் பதிவு, பிறப்பு, இறப்புப் பதிவுகள் என்று கச்சேரி வழியாகப் பின்னோக்கிப் போங்கள். தொழில் என்ற கட்டத்தைத் தவறவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத்துக்குப் போக விரும்புவோருக்குக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோம்புகளும் ஒல்லாந்த ஆவணங்களும் இருக்கின்றன. பிரித்தானியர் காலப் படைவீரர் என்றால் கியூ. பெயரை நம்பாதீர்கள், இலக்கத்தையும் கொம்பனியையும் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பழைய கிதாபுகளைப் புதைக்கவோ ஆற்றில் விடவோ முன் ஒரு தடவை முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போனில் படமெடுத்துக் கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்தவர் எங்காவது இருப்பார். எங்கள் பாட்டனார் 'எடுப்பவர் திருப்பித் தரவும்' என்று எழுதிவைத்த அந்தக் கிதாபு ஒன்றரை நூற்றாண்டு கழித்தாவது அவருடைய ஆட்களின் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதனோடு மையவாடியில் புதைக்கப்பட்ட மற்றவற்றில் யாருடைய இலக்கங்கள் இருந்தனவோ, அல்லாஹ்தான் அறிவான்.